கம்பெனி மருத்துவ மையத்துக்கு வெண்டர் தேடுகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் படிக்க

ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கம்பெனி ஆட்களும் காண்ட்ராக்ட் ஆட்களும் சேர்த்து மூன்று ஷிப்டிலும் தொள்ளாயிரம் பேருக்கு மேல் இருப்பார்கள். பிரஸ் ஷாப், வெல்டிங், பெயின்ட் ஷாப், சின்னதாக ஒரு பிளேட்டிங் பிரிவு, அதாவது உலோகத்துக்கு முலாம் பூசும் இடம். வளாகத்துக்குள்ளேயே மருத்துவ மையம் உண்டு, ஓ.எச்.சி. என்போம். பல வருடமாக அதை ஒரு தனியார் மருத்துவமனை நடத்தி வந்தது. 2022இல் இனிமேல் முடியாது என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். என் மேலதிகாரி அப்போதுதான் வேலையை விட்டுப் போயிருந்தார். "நீங்களே பாத்துக்குங்க மேடம்" என்று ஃபைல் என் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

கேன்டீன், பஸ், செக்யூரிட்டி எல்லாவற்றுக்கும் ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். இது அப்படி இல்லை. யாரைக் கேட்டாலும் "ரேட் எவ்வளவு?" என்பதற்கு மேல் பேச்சு போகவில்லை. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று சொல்லித்தர ஒருவர்கூட இல்லாமல் அந்தச் சில வாரம் ராத்திரி தூக்கம் போனது. அடுத்து இந்த ஃபைல் யார் மேஜையில் விழப்போகிறதோ, அவருக்காக எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைப் படித்தேன். அப்போது நடைமுறையில் இருந்தது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். அதன் 45ஆவது பிரிவுப்படி 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆம்புலன்ஸ் அறை இருந்தாக வேண்டும். பிளேட்டிங் அந்தச் சட்டத்தின் அபாயகரத் தொழில் பட்டியலில் வருகிறது. போபால் விபத்துக்குப் பிறகு 1987இல் சேர்த்த 41சி பிரிவு, அப்படிப்பட்ட வேலையில் இருப்பவரை வேலைக்குச் சேர்க்கும் முன்னும், அதன் பிறகு 12 மாதத்துக்கு ஒருமுறைக்குக் குறையாமலும் பரிசோதிக்கச் சொல்கிறது. அவருடைய உடல்நலப் பதிவேடு அவரே கேட்டுப் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தக் கடைசி வரியை அன்றைக்குச் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போனேன். அதன் கனம் பின்னால்தான் தெரிந்தது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதனால் பிரிவு எண்களை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பகுதி தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கொட்டேஷன் மூன்று வந்தது. ஒன்று பெரிய மருத்துவமனை, மாதம் 3,95,000 ரூபாய். ஒன்று ஓ.எச்.சி. மட்டுமே நடத்தும் நிறுவனம், 3,60,000. மூன்றாவதும் அதே மாதிரி நிறுவனம்தான், ஆனால் 2,98,000. மூன்றிலும் ஒரு டாக்டர், மூன்று ஷிப்டுக்கு நர்ஸ்கள், ஆம்புலன்ஸ், டிரைவர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஒருவர் நான்கு நர்ஸ் போட்டிருந்தார், இன்னொருவர் மூன்று. மூன்று ஷிப்டுக்கு மூன்று நர்ஸ் என்றால் வார லீவுக்கு யார் வருவார்? ஒருவர் டபுள் ஷிப்ட் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. ஒரு கொட்டேஷனில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இருந்தது, இன்னொன்றில் மருத்துவச் சேவை என்பதால் வரி இல்லை என்று போட்டிருந்தார்கள். மருத்துவ நிறுவனம் தரும் சிகிச்சைக்கு வரிவிலக்கு உண்டு, ஆள் அனுப்பும் வேலைக்கு 18 சதவீதம் உண்டு. ஒப்பந்தத்தில் வேலையை எப்படி எழுதியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. ஆடிட்டரிடம் முதலிலேயே காட்டிவிடுங்கள், பிற்பாடு வரும் நோட்டீஸ் தலைவலி.

பர்ச்சேஸ் பிரிவின் விதி, தகுதி பெற்றவர்களில் யார் குறைவோ அவருக்கே. நான் நடுவில் இருந்தவரைப் பரிந்துரைத்து எழுதினேன். ஏன் என்று எண்ணிக்கையாகக் காட்ட என்னிடம் அப்போது எதுவும் இல்லை. மாதம் 62,000 மிச்சம் என்று ஒரே ஒரு வரி எதிர்ப்பக்கம் இருந்தது. அந்த வரிதான் ஜெயித்தது. 2,98,000க்கு ஒரு வருட ஒப்பந்தம்.

ஆரம்பம் நன்றாகவே இருந்தது. கொட்டேஷனோடு கொடுத்த டாக்டரே வந்தார். ஏ.எஃப்.ஐ.எச். முடித்தவர். எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு தொழிலகச் சுகாதாரத்துக்கென்று படிக்கும் மூன்று மாதப் படிப்பு அது. சென்னையில் தரமணியில் இருக்கும் மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் நடக்கிறது. ஷாப் ஃப்ளோரில் நடந்து பார்த்தார், பெயின்ட் ஷாப்பில் தின்னர் வாசனையைப் பற்றிக் கேள்வி கேட்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. இரண்டாவது மாதமே அவர் இல்லை. வேறொரு புதுத் தொழிற்சாலையை எடுக்க அவரைக் காட்டி அங்கே அனுப்பிவிட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். வந்தவர் அந்த வருடம்தான் படித்து முடித்த பிள்ளை, மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. எங்கள் ஒப்பந்தத்தில் 'ஒரு தகுதிவாய்ந்த மருத்துவர்' என்றுதான் இருந்தது. பெயர் இல்லை, ஏ.எஃப்.ஐ.எச். என்ற வார்த்தை இல்லை. மாற்றினால் எங்களைக் கேட்க வேண்டும் என்றும் இல்லை.

நர்ஸ்கள் அதைவிட வேகமாக மாறினார்கள். ஒரு முகம் பழகும் முன் அடுத்த முகம். ஒருநாள் ராஜினாமா செய்துவிட்டு ஐ.டி. கார்டைத் திருப்பிக் கொடுக்க வந்த சிஸ்டரை உட்காரவைத்துக் கேட்டேன். "மேடம், உங்ககிட்ட எனக்கு இருபத்துநாலாயிரம்னு பில் போடறாங்களாம். எனக்குக் கைக்கு வர்றது பதினாலாயிரம். அதுவும் பதினைஞ்சாம் தேதிக்கு மேலதான்" என்றார். பி.எஃப். பிடிக்கிறார்கள், ஆனால் கணக்கில் ஏறவே இல்லை என்று போனில் எடுத்துக் காட்டினார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. காண்ட்ராக்டர் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்டாவிட்டால் முதன்மை முதலாளி என்ற முறையில் பொறுப்பு எங்கள் கம்பெனி மேல் வரும். மாதாமாதம் பில்லோடு பி.எஃப். கட்டிய சலான் இணைத்திருந்தார்கள். ஆனால் அது வேறு ஏதோ தளத்தின் ஆட்களுக்கான சலான். மொத்தத் தொகையை மட்டும் பார்த்து எங்கள் கணக்குப் பிரிவு பாஸ் செய்திருந்தது. ஆகவே சலானை மட்டும் வாங்கினால் போதாது. ஒவ்வொருவருக்கும் தனியாக உள்ள பி.எஃப். எண்ணான யு.ஏ.என்.னோடு, யாருக்கு எவ்வளவு கட்டினார்கள் என்று காட்டும் ஈ.சி.ஆர். பட்டியலைக் கேளுங்கள், உங்கள் இடத்தில் வேலை பார்ப்பவர் பெயர் அதில் இருக்கிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். சம்பளம் வங்கியில் ஏறியதற்கான சான்று வந்த பிறகுதான் பில் என்று எழுதுங்கள். நர்ஸுக்கு ஒழுங்காகச் சம்பளம் போகாத மையம் எத்தனை கருவி வைத்திருந்தாலும் ஓடாது.

அப்புறம் அந்த ராத்திரி. பிரஸ் ஷாப்பில் ஒடிசாவில் இருந்து வந்த ஒரு பையனுக்கு ஆள்காட்டி விரல் துண்டாகிவிட்டது. மூன்றாவது ஷிப்ட். பணியில் இருந்த நர்ஸ் சாயங்காலம் முதல் டபுள் ஷிப்டில் இருந்தவர், வேலைக்குச் சேர்ந்து சில நாள்தான். அவருக்கு இந்தி தெரியாது, பையனுக்குத் தமிழ் தெரியாது. ரத்தத்தை நிறுத்தக் கட்டுப் போட்டார். துண்டான விரலைக் கேன்டீனில் இருந்து வந்த ஐஸ் கட்டிக்குள் நேராகப் போட்டுவிட்டார். அப்படிப் போடக் கூடாது. சுத்தமான காஸ் துணியை சலைனில் நனைத்துச் சுற்றி, தண்ணீர் புகாத கவரில் வைத்து மூடி, அந்தக் கவரைத்தான் ஐஸ் மேல் வைக்க வேண்டும். ஐஸ் நேராகப் பட்டால் திசு உறைந்து கெட்டுப்போகும். இது எனக்கும் அன்றைக்குத் தெரியாது. இன்றைக்கு எங்கள் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர்கள் எல்லாருக்கும் தெரியும், செய்து காட்டச் சொன்னால் செய்வார்கள்.

ஆம்புலன்ஸ் போனது வெண்டரோடு தொடர்புள்ள ஒரு மருத்துவமனைக்கு. டிரைவருக்கு அப்படித்தான் உத்தரவாம். அங்கே கை அறுவை சிகிச்சை நிபுணர் கிடையாது. எக்ஸ்ரே எடுத்து, முன்பணம் கேட்டு, கடைசியில் வேறு இடம் பாருங்கள் என்றார்கள். சென்னையில் அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, நாட்டிலேயே பேர் பெற்றது. நேராக அங்கே போயிருக்கலாம். விடியும் நேரத்தில்தான் பையன் அங்கே போய்ச் சேர்ந்தான். விரலைச் சேர்க்க முடியவில்லை. சரியாக எடுத்துப் போயிருந்தால் சேர்ந்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். நசுங்கியும் இருந்தது, உறைந்தும் இருந்தது, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதில் இன்னமும் என்னை விடவில்லை. ஈ.எஸ்.ஐ.யில் வேலைக்காய விபத்து அறிக்கை கொடுத்து நிரந்தர ஊனத்துக்கான உதவி வாங்கிக் கொடுத்தோம். அவன் அம்மாவிடம் போனில் பேசும்போது என்ன சொல்வதென்று தெரியாமல் அழுதுவிட்டேன்.

எனவே ஒப்பந்தத்துக்கு முன்பே நீங்கள் தயாரிக்க வேண்டிய ஒரு தாள் உண்டு. விரல் துண்டானால் எங்கே, நெஞ்சுவலி என்றால் எங்கே, தீக்காயம் என்றால் எங்கே, கண்ணில் ரசாயனம் பட்டால் கழுவிய பிறகு எங்கே. ஒவ்வொன்றுக்கும் மருத்துவமனை பெயர், அவசரப் பிரிவு எண், ராத்திரியில் அந்த நிபுணர் உண்டா இல்லையா. இதை வெண்டர் எழுதக் கூடாது, உங்கள் சேஃப்டி ஆபீசரும் ஒரு வெளி டாக்டரும் சேர்ந்து எழுத வேண்டும். ஆம்புலன்ஸ் உள்ளே ஒட்டிவிடுங்கள். வெண்டரின் சொந்த மருத்துவமனை அந்தத் தாளில் இருந்தால் தகுதியால் இருக்கட்டும். 108ஐ எப்போது கூப்பிட வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும், ஏனென்றால் நம் ஆம்புலன்ஸ் ஒன்று வெளியே போயிருக்கும்போதுதான் அடுத்தது நடக்கும்.

அந்த விபத்துக்குப் பிறகு மையத்தை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அவசர மருந்துப் பெட்டியில் காலாவதியான அட்ரினலின். ஊசிகள் சாதாரணக் குப்பைத் தொட்டியில். 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரிக்கச் சொல்கின்றன, பிரித்ததை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. அதை எடுத்துப்போக அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தோடு யார் ஒப்பந்தம் போடுவது என்பது எங்கள் காகிதத்தில் எங்குமே இல்லை. மருந்து பில் 'செலவானபடி' என்று இருந்ததால் எல்லாம் எம்.ஆர்.பி. விலையில் வந்துகொண்டிருந்தது. மொத்தக் கடையில் அதே மாத்திரை எவ்வளவு என்று விசாரித்தபோது கோபம்தான் வந்தது. இப்போது மருந்துப் பட்டியலை டாக்டர் தருகிறார், எங்கள் பர்ச்சேஸே வாங்குகிறது.

வருடாந்திரப் பரிசோதனைதான் அடுத்த அடி. 640 பேருக்குச் செய்தார்கள். காது கேட்கும் திறனைப் பார்க்கும் ஆடியோமெட்ரி எங்கே நடந்தது தெரியுமா? பிரஸ் ஷாப்பை ஒட்டிய பயிற்சி அறையில், ஷிப்ட் நடுவில், மெஷினில் இருந்து இறங்கி வந்த ஆளை உட்காரவைத்து. சத்தத்தில் இருந்து குறைந்தது 14 மணி நேரமாவது விலகியிருந்த காதைச் சோதிப்பதுதான் முறை. அதனால்தான் முதல் ஷிப்ட் தொடங்கும் முன், அல்லது வார லீவு முடிந்து வந்ததும் செய்வார்கள். சத்தத்தால் காது கெட்டால் வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும். பல வருடம் பிரஸ்ஸில் நின்றவர்கள், நான் பக்கத்தில் நின்று கத்தினால்தான் திரும்புகிறவர்கள், அவர்கள் எல்லாருக்கும் 'நார்மல்' என்று வந்தது. நுரையீரலுக்கு ஊதும் பரிசோதனையில் ஒருவரை ஒரே ஒரு தடவை ஊதவைத்து அனுப்பினார்கள். ஒத்துப்போகிற மூன்று ஊதல்களாவது வேண்டும். கருவியைத் தினமும் மூன்று லிட்டர் சிரிஞ்சால் சரிபார்க்க வேண்டும். அந்த சிரிஞ்சைக் கேட்டேன், அவர்களிடம் இல்லை. எங்கள் வாடிக்கையாளர் கம்பெனியின் ஆடிட்டர் அறிக்கைகளைப் புரட்டியவர், பக்கத்துப் பக்கத்து ஆட்களுக்கு ஒரே எண்கள் இருப்பதைக் காட்டினார். திரும்ப எல்லாருக்கும் வேறு இடத்தில் செய்தோம், தலைக்கு 450 ரூபாய், 2,88,000 போனது.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட முடியாது. பரிசோதனை முடிவுகளை ஒரு எக்ஸெல் ஷீட்டில் பெயரோடு போட்டு, ஹெச்.ஆர்., சூப்பர்வைசர்கள் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பினார்கள். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு டி.பி. சிகிச்சை, எந்தப் பெண் கர்ப்பம், எல்லாம் அதில். டி.பி. என்று இருந்த ஒருவரோடு லைனில் யாரும் சாப்பிட உட்காரவில்லை. ஹெச்.ஆருக்குத் தெரிய வேண்டியது இவர் இந்த வேலைக்குத் தகுதியா, இல்லையா, ஏதாவது கட்டுப்பாடு உண்டா, அவ்வளவுதான். நோயின் பெயர் டாக்டருக்கும் அவருக்கும் இடையில். வேலைக்கு எடுக்கும் முன் செய்யும் பரிசோதனைப் பட்டியலில் ஹெச்.ஐ.வி.யையும் சேர்த்திருந்தார்கள். வேலை தருவதற்கு அந்தச் சோதனையை நிபந்தனையாக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. வெண்டர் தரும் பரிசோதனைப் பட்டியலை அப்படியே ஏற்காதீர்கள், எந்த வேலைக்கு எந்தச் சோதனை என்று டாக்டரிடம் காரணம் கேளுங்கள்.

வருடம் முடியும் முன்பே அவர்களை அனுப்பிவிட்டோம். அனுப்பிய பிறகுதான் பெரிய இழப்பு தெரிந்தது. பதிவுகள் எல்லாம் அவர்களுடைய செயலிக்குள். முந்தைய மருத்துவமனை விட்டுப்போன பழைய காகித ஃபைல்களையும் 'டிஜிட்டல் ஆக்குகிறோம்' என்று எடுத்துப் போயிருந்தார்கள். திருப்பிக் கேட்டால் தனிக் கட்டணம் என்றார்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, இழுத்தடித்து, கடைசியில் வந்தது ஊழியர் எண் இல்லாத ஒரு ஷீட். ஒரே பெயரில் மூன்று நான்கு பேர் இருக்கும் இடத்தில் அதை வைத்து என்ன செய்வது? ஒரு தொழிலாளிக்கு நாளைக்குக் காது போனால், வேலைக்குச் சேர்ந்த அன்று காது நன்றாக இருந்தது என்று காட்டும் ஒரே காகிதம் அந்த முதல் ஆடியோகிராம், அதாவது காதுச் சோதனை வரைபடம்தான். அவருடைய நஷ்டஈட்டுக் கோரிக்கையே அதன் மேல் நிற்கிறது. அதை நாம் தொலைத்தால் தொலைவது அவருடைய உரிமை. எங்கள் ஆட்களில் பலருக்கு அது இப்போது இல்லை. இருக்கிற குறையோடு சேர்ந்த புதுக் கணக்கில் இருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

மறுசோதனை, நாங்கள் கட்டிய ஏழு மாத பி.எஃப். பாக்கி 1,68,000, கூடுதல் மருந்துச் செலவு, அடுத்தவர் வரும்வரை இரண்டு பக்கமும் கொடுத்த ஒரு மாதச் செலவு எல்லாம் கூட்டினால் ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. மாதம் 62,000 மிச்சம் என்று சொன்ன அதே பர்ச்சேஸ் கூட்டத்தில் இந்தக் கணக்கை வைத்தேன். இந்த முறை யாரும் ரேட்டைப் பற்றி முதலில் பேசவில்லை.

இரண்டாவது தடவை தேடியபோது கொட்டேஷன் படிவத்தை நானே தயாரித்தேன். நர்ஸ் கையில் வாங்கும் சம்பளம் எவ்வளவு, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எவ்வளவு, உங்கள் சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு என்று தனித்தனிக் கட்டம். இதை நிரப்ப மறுத்த ஒருவரை அங்கேயே விட்டுவிட்டேன். டாக்டரை நேரில் வரச்சொல்லி எங்கள் ஷாப்பைச் சுற்றிக் காட்டினோம், என்ன பார்த்தீர்கள் என்று கேட்டோம். மருத்துவ கவுன்சில், நர்சிங் கவுன்சில் பதிவு எண்களைச் சரிபார்த்தோம். டாக்டரின் பெயர் ஒப்பந்தத்தில் வந்தது. அவர் மாறினால் அதே தகுதியுள்ளவர், எங்கள் ஒப்புதலோடு. ஷிப்டில் ஆள் இல்லாவிட்டால் அன்றைய தொகைக்கு இரண்டு மடங்கு பிடித்தம். ராத்திரி ஷிப்டில் இந்தி பேசத் தெரிந்த ஒருவர் கட்டாயம்.

எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது நாங்கள் பரிசீலித்த ஒரு நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் நடத்தும் மையத்துக்கு ராத்திரி பதினொரு மணிக்குப் போனதுதான். அந்தக் கம்பெனி ஹெச்.ஆர். எனக்குப் பழக்கம், அவரிடம் அனுமதி வாங்கினேன், வெண்டருக்குச் சொல்லவில்லை. அங்கிருந்த சிஸ்டரிடம் ஆக்சிஜனைத் திறந்து காட்டச் சொன்னேன். சிலிண்டர் சாவி ஒரு கயிற்றில் கட்டி டிராலியிலேயே தொங்கியது. திறந்தார், மீட்டர் முள் ஏறியது, மாஸ்கைக் காதோரம் வைத்துக் காற்று வரும் சத்தத்தைக் கேட்டுவிட்டு மூடினார். பக்கத்தில் அன்றைய தேதியில் டிக் அடித்த தாள். எத்தனை நாளாக இங்கே என்றேன், மூன்று வருடமாம். சம்பளம் எந்தத் தேதி என்றேன், யோசிக்காமல் "ஏழு" என்றார். அந்த நிறுவனத்தைத்தான் எடுத்தோம், மாதம் 3,72,000க்கு.

பதிவுகளுக்கென்று ஒப்பந்தத்தில் தனிப் பக்கமே இருக்கிறது. எல்லாம் கம்பெனி சர்வரில், டாக்டருக்கும் நர்ஸுக்கும் மட்டும் கடவுச்சொல், ஹெச்.ஆருக்கு இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊழியர் எண்ணோடு முழு நகல், அது வந்தால்தான் அந்த மாத பில். பரிசோதனை முடிந்த ஒவ்வொருவருக்கும் அவருடைய அறிக்கையின் நகலைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறோம். ஊருக்குத் திரும்பிப் போகும் காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் உண்டு. விலகும்போது 60 நாள் முன்னறிவிப்பு, கடைசி முப்பது நாள் புது ஆட்களோடு சேர்ந்து வேலை, ஒப்படைப்பு முடியும்வரை வைப்புத் தொகை எங்களிடம்.

குறை இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ரிலீவர் டாக்டர் விஷயத்தில் இன்னும் இழுபறிதான், போன மாதம்கூடப் பிடித்தம் போட்டோம். ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. இந்தத் தடவை அக்டோபரிலேயே தேடலைத் தொடங்கிவிடுவேன், ராத்திரி போய்ப் பார்க்க எங்கள் தொழிற்சங்கத்தில் இருந்து ஒருவரையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன்.